சவலைப் பிள்ளை

ஆபிரகாம் தம் வாழ்நாளில் அளித்த பெரிய விருந்து எது என்று கேட்டால் நம்மில் பலர் விடை சொல்லத் தயங்குவோம். அது திருமண விருந்து அன்று. வெற்றி விருந்தும் அன்று. சிறுவன் ஈசாக்கு தாய்ப்பாலை மறந்த நாளுக்கான விருந்து. தொடக்க நூலின் இருபத்தோராம் அதிகாரத்தில் இச்செய்தி சில சொற்களில் கடந்துபோகிறது. ஒரு குழந்தை பால்குடி மறப்பதற்கு ஏன் இத்தனை கொண்டாட்டம்? பண்டைக் காலத்தில் பிறந்த குழந்தைகளுள் பலர் அந்த நாளைக் காணாமலே மறைந்தனர். பாலிலிருந்து சோற்றுக்குச் செல்லும் வழி மிகக் குறுகலானது. அதைக் கடந்து வந்த பிள்ளையைத்தான் தனக்கெனத் தங்கிய பிள்ளை என்று குடும்பம் நம்பத் துணிந்தது.

சாமுவேலின் தாய் அன்னா, ஆண்டுப் பலிக்காகச் சீலோவுக்குப் புறப்பட்ட கணவருடன் செல்லவில்லை. பிள்ளை பால் மறந்த பிறகே வருவேன் என்று சொல்லிவிட்டார். எல்கானா வற்புறுத்தவில்லை, முடிவை மனைவியிடமே விட்டுவிட்டார். மக்கபேயர் இரண்டாம் நூலில் வரும் ஏழு சகோதரரின் தாய், சாவை எதிர்நோக்கி நிற்கும் கடைசி மகனிடம் தாம் மூன்று ஆண்டுகள் பாலூட்டி வளர்த்ததை நினைவூட்டுகிறார். அக்காலத் தாய்மார் எவ்வளவு காலம் பாலூட்டினர் என்பதற்கு விவிலியமே தரும் சான்று இது. எப்போது நிறுத்துவது என்பதைத் தாயே அறிவாள் என்ற எண்ணமும் இவ்விடங்களில் அடங்கியிருக்கிறது.

ஈசாக்கின் விருந்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விருந்தை ஒட்டியே ஆகாரும் இஸ்மயேலும் வீட்டைவிட்டு அனுப்பப்படுகின்றனர். இளைய பிள்ளைக்கு இலை போட்ட வீட்டிலிருந்து மூத்த பிள்ளை ஓர் அப்பத்தோடும் ஒரு தோற்பைத் தண்ணீரோடும் பாலைநிலத்திற்குப் போகிறான். வேதநூல் அறிஞர்கள் இதற்கு வேறு பல விளக்கங்கள் தருவர். குருமடத்தில் நாமும் அவற்றைக் கற்றோம். ஆயினும், பின்னால் நாம் சொல்லப்போகும் செய்தியை அறிந்த பிறகு, அந்த அதிகாரத்தை முன்போல வாசிக்க நம்மால் இயலவில்லை.

குருப்பட்டம் பெற்ற புதிதில், ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வானம் பார்த்த பூமியான ஒரு கிராமத்துப் பங்கில் நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். பழைய பதிவேடுகளைப் படியெடுக்கும் வேலையைப் பங்குத்தந்தை நமக்குக் கொடுத்திருந்தார். செல்லரித்த தாள்கள், மங்கிய மையில் இலத்தீன் எழுத்துகள். திருமுழுக்குப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் அருகருகே வைத்து எழுதியபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது. ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு. ஓராண்டோ சற்று மேலோ கழித்து அதே பெற்றோரின் அடுத்த குழந்தைக்குத் திருமுழுக்கு. அதன்பின் சில மாதங்களில் முதல் குழந்தையின் பெயர் அடக்கப் பதிவேட்டில். ஒரு வீட்டில் நிகழ்ந்திருந்தால் தற்செயல் என்று விட்டிருப்போம். பக்கம் புரட்டப் புரட்ட அதுவே திரும்பத் திரும்ப வந்தது. சாவின் காரணம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

மறைந்த உபதேசியாரின் மனைவி, எண்பதைத் தொட்டவர், மாலைச் செபமாலைக்கு முன்னரே கோயில் திண்ணையில் வந்து அமர்ந்திருப்பார். அவரிடம் இதைச் சொன்னோம். அவர் வியப்படையவில்லை. “சவலைப் பிள்ளைங்க சாமி. தம்பி வயித்துல வந்ததும் பாலு போயிரும். அடுத்தது பெறந்ததும் இது போயிரும்” என்றார். நம் பதிவேடு பல பக்கங்களில் மறைத்து வைத்திருந்ததை அவர் ஒரு சொல்லில் சொல்லிவிட்டார்.

சவலை என்ற சொல்லை அதுவரை நாம் யாப்பிலக்கணத்தில் மட்டுமே அறிந்திருந்தோம். இரண்டாம் அடியில் வரவேண்டிய தனிச்சொல் வராமல் குறைந்து நிற்கும் வெண்பாவைச் சவலை வெண்பா என்பர். பெற வேண்டியதைப் பெறாமல் மெலிந்து நிற்கும் பாட்டுக்கு, பால் பெறாமல் மெலிந்த பிள்ளையின் பெயரை நம் இலக்கணப் புலவர் இட்டிருக்கின்றனர். புலவரின் ஏட்டிலும் பாட்டியின் வாயிலும் ஒரே சொல் இருக்க, இடையில் நின்ற படித்த நமக்கு அதன் பொருள் தெரியாமல் போயிற்று.

இந்தச் சொல்லோடு பிறந்த உடன்பிறப்பு போன்ற மற்றொரு சொல் கடல் கடந்த நாடொன்றில் உண்டு. அந்தச் சொல் மருத்துவ நூல்களில் ஏறிய வரலாற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

இன்று கானா என்று வழங்கும் நாடு 1957இல் விடுதலை பெறும்வரை ஆங்கிலேயரின் ஆட்சியில் கோல்டு கோஸ்ட் எனப்பட்டது. 1929இல் அங்கே குடியேற்ற நாட்டு மருத்துவப் பணிக்கு அனுப்பப்பட்டவர் சிசிலி வில்லியம்ஸ். 1893இல் ஜமைக்காத் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் மருத்துவம் பயில அனுமதிக்கப்பட்ட முதல் தலைமுறைப் பெண்களுள் ஒருவர். 1923இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பெண் மருத்துவருக்கென்று தனிப் பதவிப் பெயரும், ஆண் மருத்துவரைவிடக் குறைந்த சம்பளமும் இருந்தன. அக்ரா நகரில் இளவரசி மேரி லூயிஸ் பெயரால் 1926இல் எழுப்பப்பட்ட குழந்தைகள் மருத்துவமனையில் அவர் பணியாற்றினார்.

அங்கே ஒருவகை நோயாளிக் குழந்தைகள் தொடர்ந்து வந்தனர். வயது ஒன்று முதல் நான்குக்குள் இருக்கும். கை கால்களில் வீக்கம், ஊதிய வயிறு, கறுத்த முடி செம்பட்டையாகி உதிரும், தோல் கருகி உரியும். எல்லாவற்றையும் விட மருத்துவரைத் துன்புறுத்தியது அக்குழந்தைகளின் முகம். விளையாட்டுப் பொருளைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காத, எடுத்தால் முனகி விட்டால் அசையாது கிடக்கும் துயர முகம். வீக்கத்தைப் பார்த்து ‘பிள்ளை கொழுத்திருக்கிறது’ என்று அறியாதவர் எண்ணக்கூடும். மருத்துவம் செய்யாவிடில் பெரும்பாலும் சாவே முடிவு.

அவர் கற்ற பாடநூல்களில் இந்நோய்க்குப் பெயர் இல்லை. அக்ராவின் கா இன மக்களிடம் இருந்தது. ‘குவாஷியோர்க்கர்’ என்று அவர்கள் சொன்னார்கள். அதன் பொருள் என்னவென்று அவர் தாய்மாரிடமும் செவிலியரிடமும் கேட்டார். அடுத்த குழந்தை பிறக்கும்போது, இடம் இழந்த முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்று விளக்கம் கிடைத்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஆட்சியாளரின் மருத்துவர் ஒருவர், எழுதப்படிக்கத் தெரியாத பெண்களிடம் ஒரு நோயின் பெயரைக் கேட்பது அக்காலத்தில் எளிதாக நடக்கும் காரியமன்று. கேட்டிருந்தாலும் அதை நாட்டுப்புற மூடநம்பிக்கை என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். வில்லியம்ஸ் அதை நோய்க்காரணம் பற்றிய ஒரு கூற்றாக எடுத்துக்கொண்டார். அந்தப் பெயர் கிருமியையோ பேயையோ சுட்டவில்லை. வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சுட்டியது. எனவே அவர் வீட்டைப் பார்த்தார். தாய் மீண்டும் கருவுற்றதும் மூத்தது மடியிலிருந்து இறக்கப்படுகிறது. அதற்குக் கிடைப்பது சோளம் மட்டுமே. இங்கே சோளம் என்பது மக்காச்சோளம். புளிக்கவைத்த மாவில் காய்ச்சிய நீர்த்த கஞ்சி. அதே மாவை மக்காச்சோளத் தோகையில் பொதிந்து வேகவைத்த ‘கென்கே’ என்னும் உருண்டை. மீனும் பயறும் பெரியவர்களின் குழம்பில் இருந்தாலும் குழந்தையின் வாய்க்கு வந்து சேர்வதில்லை.

1933இல் குழந்தை மருத்துவ ஏடொன்றில், மக்காச்சோள உணவோடு தொடர்புடைய ஊட்டக்குறை நோய் என்று இதை அவர் விவரித்தார். பாலில் உள்ள புரதம் போன்ற ஏதோ ஒரு சத்து இல்லாமையே காரணமாகலாம் என்பது அவர் கணிப்பு. பெரிய மருத்துவர்கள் ஒப்பவில்லை. ஆப்பிரிக்க நோய்களில் வல்லுநராகக் கருதப்பட்ட ஸ்டான்னஸ், இது பெலகிரா என்னும் பழைய நோய்தான் என்று மறுத்தார். 1935இல் ‘லான்செட்’ இதழில் வில்லியம்ஸ் மீண்டும் எழுதினார். இம்முறை கட்டுரையின் தலைப்பிலேயே தாய்மாரின் சொல்லை வைத்தார். உலகின் மருத்துவ நூல்கள் பலவும் கிரேக்க, இலத்தீன் பெயர்களைச் சுமந்து நிற்க, இந்த ஒரு நோய் இன்றும் அக்ராவின் சந்தைத் தெருப் பெண்கள் இட்ட பெயரால் அறியப்படுகிறது. 1936இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அவர் சொன்னதே சரி என்பது உலக நல வாழ்வு நிறுவனம் 1952இல் வெளியிட்ட பிராக், ஓத்ரே ஆகியோரின் ஆப்பிரிக்க ஆய்வுக்குப் பின்னரே பரவலாக ஏற்கப்பட்டது.

கா இனத்தார் மட்டும் இதை அறிந்திருந்தனர் என்று எண்ண வேண்டா. கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் கண்டா இன மக்கள் ‘ஒப்வோசி’ என்று ஒரு நோயைச் சொல்வர். கருவில் இருக்கும் பிள்ளையின் சூடு, தாயின் முதுகில் தொங்கும் மூத்த பிள்ளையைச் சுடுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. நம் ஊரிலும் சூல் கொண்ட தாயின் பால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள் அல்லவா? மூன்று நாட்டுப் பெண்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே துயரத்தை ஒரே இடத்தில் கண்டிருக்கின்றனர்.

ஆனால் அவர்கள் கண்டறிந்ததும் அதற்குச் செய்ததும் ஒன்றல்ல என்பதை மறைக்கக் கூடாது. கரு உண்டானது தெரிந்த அன்றே பாலை வெடுக்கென நிறுத்தினர். உகாண்டாவில் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். 1954, 1955ஆம் ஆண்டுகளில் கம்பாலா அருகிலுள்ள சிற்றூர்களில் தாயையும் சேயையும் கவனித்த மேரி எயின்ஸ்வர்த் இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். பாலும் போயிற்று, தாயும் போய்விட்டாள். வயிற்றின் பசியும் மனத்தின் பசியும் ஒரே நாளில் வந்தால் பிள்ளை எப்படித் தாங்கும்? நம் பக்கத்தில் மார்பில் வேப்பெண்ணெயையோ கற்றாழைச் சாற்றையோ தடவுவது வழக்கம். கசந்து முகம் சுளித்து மீண்டும் வாய் வைத்து அழும் பிள்ளையைப் பார்த்து வீட்டார் சிரிப்பார்கள். தாய் மட்டும் சிரிப்பதில்லை.

சூல் கொண்ட தாயின் பாலில் நஞ்சு இல்லை. கொஞ்சங்கொஞ்சமாகவே நிறுத்தலாம் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. பிறந்த உடன் வரும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றியதும், சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக நாவில் வைத்ததும் தாய்மாரின் வழிவழி அறிவில் கலந்த பிழைகளே. சீம்பாலே குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து. கிராமத்துப் பெண்களின் அறிவைப் போற்றப் புகுந்தவர் சிலர் இவற்றையும் சேர்த்துப் போற்றுவதுண்டு. அந்த மயக்கம் நமக்கு வேண்டா.

அதே தாய்மார் செய்த வேறு சிலவற்றை அறிவியல் காலந்தாழ்த்தியே புரிந்துகொண்டது. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துப் பாலெடுத்துக் காய்ச்சுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். முளைத்த தானியம் கஞ்சியை இளக்குகிறது. அதனால் அதே தளர்வில் இன்னும் அதிக மாவைச் சேர்க்கலாம். சிறு வயிற்றுக்குள் மிகுந்த உணவு செல்லும். 1980களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் இதை ஆராய்ந்து, முளைத்தானிய மாவு ஒரு சிட்டிகை போதும் என்று காட்டினார். அக்ராவின் புளித்த மக்காச்சோளக் கஞ்சியிலும் ஒரு நன்மை இருந்தது. புளிக்காத கஞ்சியைவிட அதில் நோய்க்கிருமிகள் குறைவாக வளர்கின்றன என்று 1990ஐ ஒட்டிக் கானா நாட்டு ஆய்வாளர்கள் கண்டனர். வயிற்றை நிரப்பும் அளவுக்குச் சத்து அதில் இல்லையே தவிர, வயிற்றுப்போக்கிலிருந்து காக்கும் ஏதோ ஒன்றை அந்தப் பெண்கள் அறிந்தே செய்தனர்.

மலாயாவில் வில்லியம்ஸ் வேறொரு முகத்தைக் கண்டார். அங்கே பிள்ளைகளைத் தாய்மடியிலிருந்து இறக்கியது தம்பியோ தங்கையோ அல்ல, டின் பால். இனிப்பூட்டிக் கெட்டியாக்கிய பால் குழந்தைக்கு உகந்தது என்று விளம்பரங்கள் பேசின. ஏழைத் தாய் அதை நம்பி வாங்கினாள். விலை தாளாமல் தண்ணீர் கூட்டினாள். அந்தத் தண்ணீரும் தூயதன்று. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’. குழந்தை உணவு பற்றிய பொய்ப் பரப்புரையைக் கொலைக்குற்றமாகவே கருத வேண்டும் என்று வணிகர்கள் நிறைந்த அவையில் அவர் சொன்னார். பின்னர் ஜப்பானியர் படையெடுத்தபோது சாங்கி சிறையில் அடைக்கப்பட்டு மெலிந்து, 1945இல் உயிரோடு வெளிவந்தார். 1948இல் உலக நல வாழ்வு நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1992இல், தமது தொண்ணூற்றெட்டாம் வயதில் மறைந்தார்.

அவர் 1939இல் எழுப்பிய குரலுக்கு உலகம் செவிசாய்க்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1974இல் இலண்டனிலிருந்து ‘குழந்தைக் கொலையாளி’ என்னும் சிறுநூல் வந்தது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே நிறுவனப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கிற்று. அதற்கு ஓராண்டு முன்னர் நிகழ்ந்த ஒன்றைக் கத்தோலிக்கராகிய நாம் பெருமையோடு நினைக்கலாம். ஒகாயோ மாநிலத்தின் டேட்டன் நகரைச் சார்ந்த திரு இரத்த அருட்சகோதரிகள் சபை, பிரிஸ்டல் மையர்ஸ் என்னும் மருந்து நிறுவனத்தில் சில பங்குகளை வைத்திருந்தது. ஏழை நாடுகளில் பால்மாவு விற்கும் முறை பற்றிப் பங்குதாரர்களுக்கு அந்நிறுவனம் பொய்யுரைத்தது என்று 1976இல் அச்சகோதரிகள் வழக்குத் தொடுத்தனர். பங்குதாரருக்கு இதனால் என்ன இழப்பு என்று கேட்டு 1977இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. சகோதரிகள் மேல்முறையீடு செய்தனர். 1978இல் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பங்குதாரருக்கு இழப்பில்லை என்றது சட்டப்படி சரியாயிருக்கலாம். இழந்தவர்கள் பங்குதாரர் பட்டியலில் இல்லை என்பதுதான் அந்தக் கன்னியரின் வழக்கே.

1981 மே மாதம் ஜெனீவாவில் தாய்ப்பால் மாற்று உணவுகளின் விற்பனை பற்றிய பன்னாட்டு நெறிமுறை 118 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1992இல் பால் மாற்று உணவுகளுக்கும் பாலூட்டும் புட்டிகளுக்கும் சட்டம் இயற்றியது. 2003இல் அதை மேலும் இறுக்கி, இரண்டு வயது வரையான குழந்தை உணவுகளின் விளம்பரத்தைத் தடை செய்தது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995 மே மாதம், தாய்ப்பால் பற்றி ஆராய உரோமையில் கூடிய அறிஞர்களைச் சந்தித்து உரையாற்றினார் என்பதையும் இங்கே குறிக்கலாம்.

நோயின் காரணம் பற்றிய ஆய்வும் ஓரிடத்தில் நிற்கவில்லை. புரதக்குறைவே காரணம் என்று கொண்டு ஐக்கிய நாடுகள் அவை 1955இல் ஒரு புரத ஆலோசனைக் குழுவையே அமைத்தது. மீன் மாவும் கடலை மாவும் உலகைக் காக்கும் என்று பேசப்பட்டது. இதைக் கேள்விக்குள்ளாக்கியவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். சேலத்தில் 1918இல் பிறந்த சி. கோபாலன், குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, அது 1958இல் ஐதராபாத்துக்கு மாறிய பின்னரும் அதோடு நின்றவர். ஒரே வகை உணவை உண்ணும் ஏழைக் குழந்தைகளுள் சிலருக்கு வீக்கம் வருகிறது, சிலர் வற்றி எலும்பாகின்றனர். உணவின் வகையைக் காட்டிலும் உணவின் மொத்த அளவே குறைவு என்று அவர் 1960களில் எழுதினார். எளிய மொழியில் சொன்னால், பிள்ளைக்கு மாயப் பொடி எதுவும் வேண்டா; வயிறு நிறைய வீட்டுச் சோறும் பருப்பும் வேண்டும். நூறு ஆண்டு நிறைவாழ்வு வாழ்ந்து 2019இல் அவர் மறைந்தார். 2013இல் மலாவி நாட்டு இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், ஒரே வீட்டில் ஒரே கஞ்சி உண்ட இருவருள் ஒருவருக்கு மட்டும் நோய் வருவதற்குக் குடலில் வாழும் நுண்ணுயிர்களும் ஒரு காரணம் என்று காட்டினர். கருத்துகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அக்ராப் பெண்கள் இட்ட பெயர் மட்டும் மாறவில்லை. அது காரணத்தைச் சொல்லாமல், நிகழ்ந்ததை மட்டும் சொன்னது.

இனி நம் தவற்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கிராமத்தில் இருந்தபோது, குழந்தை உணவு பற்றி ஒரு முகாம் நடத்தினோம். படங்கள் வரைந்த அட்டைகளைத் தொங்கவிட்டு, ‘தாய்மாரின் அறியாமையே குழந்தைகளின் நோய்க்குக் காரணம்’ என்று தொடங்கினோம். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை புதிதாகச் சமைத்துச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும் என்றோம். பெண்கள் மரியாதையோடு கேட்டிருந்தனர். முடிவில் ஒருத்தி எழுந்தாள். “அஞ்சு தரம் காச்சுறதுக்கு வெறகு வேணும் சாமி. நாங்க விடியமுன்ன காட்டு வேலைக்குப் போயிட்டு பொழுது சாய வர்றோம். கெழவிதான் பாத்துக்கிடுது. நீங்க சொல்றது எங்களுக்குத் தெரியாததில்ல” என்றாள். அவையில் சிரிப்பு எழுந்தது. நாம் அன்று சினங்கொண்டோம்.

பிற்காலத்தில் காம்பியா நாட்டின் கெனபா என்ற சிற்றூரில் 1970களில் நடந்த ஆய்வைப் படித்தபோதுதான் அந்தப் பெண்ணின் சொல் விளங்கிற்று. மழைக்காலத்தில் நெல்வயலுக்குப் போகும் தாய்மார் காலையில் காய்ச்சி வைத்த கஞ்சி, மணிக்கணக்கில் இருந்து கிருமி பெருகி, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கைத் தருகிறது. பால் மட்டும் கொடுத்தால் போதாது. கஞ்சி கொடுத்தால் நோய். தாய்க்கு இது தெரியாமல் இல்லை. வேலையையும் விறகையும் நேரத்தையும் பிறர் கையில் வைத்துக்கொண்டு அறிவை மட்டும் அவளிடம் எதிர்பார்க்கிறோம். நம் மாநிலத்தில் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை தளர்ந்தவர்களுக்குச் சத்துருண்டை கொடுத்தனர். அதற்கு ஊர்ப் பணியாளராக, ஏழையாயிருந்தும் தன் பிள்ளைகளை நன்கு வளர்த்த தாய்க்கு முன்னுரிமை தந்தனர் என்று அறிந்தபோது, நம் அட்டைப் படங்களை எண்ணி வெட்கினோம். அவளை அல்லவா நாம் மேடையேற்றியிருக்க வேண்டும்!

இன்னொன்று, சொல்வதற்கு நமக்குத் தயக்கம் உண்டு. சவலை என்ற சொல்லிலும் குவாஷியோர்க்கர் என்ற சொல்லிலும் அடங்கியிருப்பது உணவு மட்டுமன்று. பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையேயான காலமும் ஆகும். முழுமையாகப் பாலூட்டும் தாய் முதல் ஆறு மாதங்களில், மாதவிலக்கு திரும்பாதிருக்குமானால், மீண்டும் கருவுறுவது அரிது என்று 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் உறுதி செய்தனர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் வீட்டு உணவோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று 2001 முதல் உலக நல வாழ்வு நிறுவனம் கூறிவருகிறது. அன்னாவும் மக்கபேயர் காலத்துத் தாயும் செய்தது ஏறக்குறைய இதுவே. மடியிலிருக்கும் பிள்ளையின் உரிமை அடுத்த பிள்ளையைத் தள்ளிவைக்கிறது. இதைத் தாய் அறிவாள். ஆனால் அவ்வுரிமையைக் காக்க வேண்டிய கடமை கணவனுக்கும் உண்டு என்பதைத் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் நம்மில் எத்தனை குருக்கள் சொல்லியிருக்கிறோம்? எல்கானாவைப் பற்றி ஒரு மறையுரையாவது ஆற்றியிருக்கிறோமா? பதிவேட்டில் அடுத்தடுத்த திருமுழுக்குகளை எழுதி வாழ்த்திய பேனாவே அடக்கத்தையும் எழுதியது. எழுதியவர் இரண்டையும் சேர்த்துப் படிக்கவில்லை. அவரைக் குறை கூற நமக்குத் தகுதி இல்லை. நாமும் படியெடுக்கும் வேலை வந்ததனால்தான் படித்தோம்.

அந்த மூதாட்டியிடம் நாம் கேட்டது அன்றோடு முடியவில்லை. சில நாள் கழித்து அவர் திண்ணையை விட்டு எழுந்து, அலுவலக வாசலில் வந்து நின்றார். பழைய புத்தகத்தில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றோம். தம் மூத்த மகன், இரண்டாவது மகள் பிறந்த ஆண்டில் போனவன், அவன் பெயரும் இருக்குமா என்றார். ஆண்டை அவரால் சொல்ல இயலவில்லை; அந்த ஆண்டு கண்மாய் உடைந்தது என்று மட்டும் சொன்னார். மகளின் திருமுழுக்கிலிருந்து பின்னோக்கித் தேடினோம். 1940களின் ஒரு பக்கத்தில் கிடைத்தது. இலத்தீனில் ‘ஜோசேப்புஸ்’ என்றிருந்தது; தந்தை பெயர், தாய் பெயர், வயது ஒன்று.

“ஜோசேப்புஸ்” என்று வாசித்தோம். அவருக்குப் புரியவில்லை. “சூசை” என்றோம்.

“ஆமா, சூசைதான்” என்றார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.